பழைய காரின் பின்கண்ணாடி மூட்டம்: ஒரு மழைநாட்டுக் கைநூல்

2016 மே மாதம் எங்கள் பக்கம் மழை நாட்கணக்கில் விடாமல் பெய்தது. 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியப் பக்கம் களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. செய்தி பரவிய அன்றிரவு தெஹியோவிட்டப் பகுதித் தோட்டங்களின் மேல் லயங்களில் யாரும் கண் மூடவில்லை. வயதானவர்களையும் சிறுபிள்ளைகளையும் கீழே கோயிலடிக்குக் கொண்டுவர எங்கள் வீட்டு மொரிஸ் மைனரை எடுத்துக்கொண்டு நானும் மாமாவும் போனோம்.

நாலாவது தடவை. காருக்குள் என்னோடு சேர்த்து ஏழு பேர், எல்லோரும் தெப்பமாக நனைந்திருந்தார்கள். அந்த இடத்தில் காரைத் திருப்ப வழியில்லை. வளைவுவரை பின்னுக்கு எடுத்தால்தான் முடியும். பின்கண்ணாடி பால் ஊற்றியது போல வெள்ளையாக இருந்தது. துணியால் துடைத்தோம், இரண்டு நிமிடத்தில் மறுபடியும் வெள்ளை. அனுமானத்தில் பின்னுக்கு எடுத்தேன். வெளியே நின்ற மாமா டிக்கியில் ஓங்கி இரண்டு தட்டுத் தட்டி, “நிறுத்து!” என்று கத்தினார்.

இறங்கிப் பார்த்தேன். பாட்டியைத் தேடி வந்த ஆறேழு வயதுப் பையன் ஒருவன் குடையோடு பின்னால் நின்றான். அவனுக்கும் பம்பருக்கும் இடையில் ஒரு முழம்கூட இல்லை. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கைதான் வீடு வந்து சேரும்வரை நடுங்கிக்கொண்டிருந்தது.

மாமா வாகன மின்வேலை தெரிந்தவர். 1977 கலவரத்துக்குப் பின் குடும்பத்தோடு இங்கிருந்து கிளிநொச்சிக்குப் போனபோது அவருக்குப் பதினாலு வயது. அங்கே தொழில் பழகி, பொருளாதாரத் தடைக்காலம் முழுவதும் மண்ணெண்ணெயில் ஓடிய வாகனங்களைப் பார்த்துக் கொடுத்தவர். 2009க்குப் பிறகு மெனிக் பாம் முகாமில் இருந்துவிட்டு, 2012இல் அக்கா வீட்டுக்கு, அதாவது எங்கள் வீட்டுக்கு, திரும்பி வந்தார். அந்தப் பின்கண்ணாடியை அவரும் நானும் எப்படிச் சரிசெய்தோம் என்பதும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

ஏன் இன்னும் பழைய கார்?

இந்த நாட்டில் பழைய கார் பொழுதுபோக்குக்காக மட்டும் வைத்திருக்கும் பொருள் அல்ல. 1977க்கு முன் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்ததால் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வந்த ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் கார்களைத்தான் மக்கள் திருத்தித் திருத்தி ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்தின் ஏ40 வாடகைக் கார்களை இதை வாசிக்கும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். பிறகு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. அப்போதும் விலை எங்களைப் போன்றவர்களின் கைக்கு எட்டவில்லை. ஆகவே கையிலிருக்கும் காரைப் பாதுகாப்பாக ஓட்டுவதுதான் வழி.

எங்களுடையது 1959ஆம் ஆண்டின் மொரிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இந்தக் கார் முதலில் 1948இல் லண்டன் கண்காட்சியில் வெளிவந்தது. அதன் பின்கண்ணாடி வெறும் கண்ணாடிதான். சூடேற்றும் கோடுகள் எதுவும் கிடையாது. அந்தக் கோடுகள் சாதாரணக் கார்களில் பரவலானது எழுபதுகளில்தான். அதனால் உங்கள் காரும் அந்தக் காலத்தது என்றால் இதே பிரச்சினை உங்களுக்கும் இருக்கும்.

மூட்டம் எந்தப் பக்கம்?

முதலில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். உள்பக்கம் இழுத்தால் கோடு விழுகிறதா, வெளிப்பக்கம் இழுத்தால் விழுகிறதா? இரண்டுக்கும் மருந்து வேறு.

பழைய கார்களில் பெரும்பாலும் உள்பக்கம்தான். காரணம் எங்கள் மூச்சும் நனைந்த உடுப்பும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் மூச்சிலும் தோலிலும் இருந்து மணித்தியாலத்துக்கு ஏறக்குறைய 40 முதல் 50 கிராம் நீர் ஆவியாக வெளியேறுகிறது. ஐந்து பேர் இருந்தால் ஒரு மணித்தியாலத்தில் ஒரு பெரிய தேநீர்க் கோப்பை நிறைய நீர் அந்தச் சின்னக் காருக்குள் காற்றில் கலக்கிறது. காருக்குள் வெப்பநிலை 26 பாகை செல்சியஸ், ஈரப்பதன் 90 வீதம் என்று வைத்துக்கொண்டால், ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பொருளிலும் அந்த ஆவி நீராகப் படியும். வெளியே மழை கண்ணாடியை 21, 22 பாகைக்குக் குளிர்விக்கிறது. அவ்வளவுதான், வெள்ளை படிந்துவிடும்.

இந்தக் கணக்கில் எங்களுக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. கண்ணாடியை நாலைந்து பாகை சூடாக்கினாலே போதும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் உறைபனியை உருக்க வேண்டும். அதற்குப் பெரிய மின்சாரம் தேவை. எங்களுக்குத் தேவை அதில் ஒரு சிறு பங்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வெளிப்பக்கம் மூட்டம் என்றால், பெரும்பாலும் பின்னால் ஏசி பூட்டிய கார்களாக இருக்கும். குளிர்ந்த கண்ணாடியில் வெளிக்காற்றின் ஆவி படிகிறது. ஏசியைக் குறைத்து, குளிர்காற்று கண்ணாடியில் நேரே படாமல் திருப்பிவிட்டால் போய்விடும். வெளிப்பக்கம் ஒட்டியிருக்கும் மழைத்துளி வேறு விடயம். அதைச் சூடு போக்காது. கண்ணாடியை நன்றாகக் கழுவி மெழுகு பூசினால் துளிகள் நிற்காமல் வழியும். முன்கண்ணாடியில் புகையிலையைத் தேய்க்கும் பழைய லொறிச் சாரதிகளின் வழக்கமும் வெளிப்பக்கத்துக்கான வைத்தியம்தான்.

முதல் வேலை: காரைக் காயவைத்தல்

மாமா முதலில் வயரைத் தொடவில்லை. கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். அதன் கீழே இருந்த சணல் பிழிந்தால் தண்ணீர் வந்தது. “தம்பி, உள்ளுக்கு ஒரு குளத்தைக் கட்டி வச்சுக்கிட்டுக் கண்ணாடியக் குறை சொல்றியா?” என்றார்.

தெஹியோவிட்டப் பக்கம் ஆண்டுக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை. இங்கே கார் நனையும் வேகத்துக்குக் காயாது. ஆகவே பார்க்க வேண்டிய இடங்கள் இவை: பின்கண்ணாடியைச் சுற்றியுள்ள இறப்பர், டிக்கி மூடியின் இறப்பர், கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள், தரைத் தகட்டில் துரு பிடித்த ஓட்டைகள். ஒருவர் வெளியே இருந்து வாளியால் தண்ணீர் ஊற்ற, இன்னொருவர் உள்ளே டோர்ச்சோடு இருந்து பார்த்தால் எங்கே ஒழுகுகிறது என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். எங்கள் காரில் பின்கண்ணாடி இறப்பர் வெடித்திருந்தது. புதியது மாற்றினோம். மைனருக்கு இறப்பர் கிடைப்பது கஷ்டமில்லை. தொண்ணூறுகளில் இங்கிலாந்தின் பாத் நகரில் மைனர்களைப் புதுப்பித்து விற்ற சார்ல்ஸ் வெயார் என்பவர் இலங்கையிலேயே அந்தக் காரின் பாகங்களைச் செய்வித்தார் என்றால், இந்தக் காருக்கு இங்கே எவ்வளவு வேர் இருக்கிறது என்று பாருங்கள்.

அடுத்தது கண்ணாடியைக் கழுவுதல். உள்பக்கத்தில் சிகரெட் புகை, எண்ணெய், தூசு எல்லாம் மெல்லிய படலமாக இருக்கும். அழுக்கில் ஆவி சீக்கிரம் துளியாக நிற்கும். சவர்க்காரத் தண்ணீரால் கழுவி, பிறகு ஸ்பிரிட்டால் துடையுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு துளியைக் காய்ந்த துணியில் எடுத்துப் பூசி, கண்ணுக்குத் தெரியாதபடி துடைத்துவிட்டால், படியும் நீர் துளியாக நிற்காமல் மெல்லிய படலமாகப் பரவும், பார்வை மறையாது. இரண்டு மூன்று நாள் தாங்கும். செலவே இல்லாத வைத்தியம் இது. நனைந்த குடையையும் சாக்கையும் டிக்கியில் போடுவதும் இதில் சேரும்.

இரண்டாவது: காற்று

மழை பெய்தால் எல்லாக் கண்ணாடிகளையும் இறுக்கி மூடுவது எங்கள் பழக்கம். மூட்டத்தை வளர்ப்பதே அதுதான். மைனரின் முன்கதவில் முக்கோணச் சிறு கண்ணாடி இருக்கிறது. கார் ஓடும்போது அதைச் சிறிது திறந்தால், ஓரமாகப் போகும் காற்று உள்ளிருக்கும் ஈரக்காற்றை வெளியே இழுக்கும். அதோடு எதிர்ப்பக்கக் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிவிடுங்கள். சிறிது நனைவீர்கள், ஆனால் பின்னால் வருவது தெரியும்.

பின் இருக்கைக்கு மேலே உள்ள தட்டில் 12 வோல்ட் சிறு மின்விசிறி ஒன்றைக் கண்ணாடியை நோக்கிப் பூட்டலாம். கணினிப் பெட்டிக்குள் இருக்கும் விசிறிகூடப் போதும். அது கால் அம்பியர் அளவில்தான் எடுக்கும். அந்த ஆண்டு மழைக்காலம் முழுவதையும் இந்த விசிறியோடுதான் சமாளித்தோம். பள்ளத்தில் அது போதும். ஆனால் கரவனெல்ல, யட்டியந்தோட்டை, கித்துல்கல தாண்டி ஏ7 வீதியில் கினிகத்தேனைப் பக்கம் ஏறினால் வெளிக்காற்று குளிர்ந்துவிடும். இரவில் விசிறி மட்டும் போதாது. அங்கேதான் சூடு தேவைப்பட்டது.

மூன்றாவது: டைனமோவின் கணக்கு

மாமாவின் மகன் கனடாவில் இருக்கிறான். விடயம் கேள்விப்பட்டு, “அங்க எல்லாக் காரிலும் இருக்கு, ஒண்டு அனுப்பட்டா?” என்று கேட்டான். இரண்டு வகை இருந்தன: ஏறக்குறைய 12 அம்பியர் எடுப்பது ஒன்று, 5 அம்பியர் எடுப்பது ஒன்று. பெரியதை அனுப்பச் சொன்னேன். மாமா தடுத்தார்.

தடைக்காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு இது உடனே விளங்கும். மிதித்தால்தான் சத்தம், மிதிப்பது குறைந்தால் சத்தமும் குறையும். பழைய காரின் டைனமோவும் அப்படித்தான். மைனரில் இருக்கும் லூக்காஸ் டைனமோ 19 அல்லது 22 அம்பியர்தான் தரும், அதுவும் எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றும்போது. ஸ்லோவில் நிற்கும்போது ஒன்றுமே தராது. டாஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிவது அதனால்தான்.

மழை இரவில் செலவைப் பாருங்கள். தாழ்த்திய ஹெட்லைட் இரண்டுக்கும் ஏறக்குறைய 7 அம்பியர். சிறு விளக்குகளுக்கு இரண்டரை. எஞ்சினின் இக்னிஷனுக்கு மூன்றரை. வைப்பருக்கு இரண்டரை. மொத்தம் பதினைந்தரை. 22 அம்பியர் டைனமோவில் மிச்சம் ஆறரைதான். இதில் 12 அம்பியர் ஹீட்டரைப் போட்டால் குறைவது பற்றரியிலிருந்துதான் போகும். மலையில் இரண்டு மணித்தியாலம் ஓடிவிட்டு, நடுவழியில் எஞ்சின் நின்றால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. 5 அம்பியர் என்றால் மிச்சத்துக்குள் அடங்கிவிடும். உறைபனி இல்லாத எங்கள் நாட்டில் அந்த 60 வாட் சூடே போதும் என்று முன்னே சொன்ன கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது. 19 அம்பியர் டைனமோ உள்ளவர்களுக்கு இன்னும் குறைவாகவே மிஞ்சும். விசிறியோடு நிறுத்துவது அல்லது விட்டுவிட்டு ஹீட்டரைப் போடுவது நல்லது.

பெரிய ஹீட்டர்தான் வேண்டும் என்றால் டைனமோவைக் கழற்றி ஒல்டனேட்டர் பூட்ட வேண்டும். அந்தக் காலத்து லூக்காஸ் 17ஏ.சி.ஆர். ஒல்டனேட்டரே 36 அம்பியர் தரும். ஸ்லோவிலும் ஓரளவு தரும். ஒரு எச்சரிக்கை: மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பற்றரியின் நேர்முனைதான் பொடியில் இணைக்கப்பட்டிருந்தது. வழமையான ஒல்டனேட்டருக்கு எதிர்முனை பொடியில் இருக்க வேண்டும். பற்றரி இணைப்பு, இக்னிஷன் கொயில் வயர்கள், வானொலி எல்லாவற்றையும் அதற்கேற்ப மாற்றாமல் பூட்டினால் ஒல்டனேட்டர் அந்த நொடியே கருகும். தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்யுங்கள்.

ஹீட்டரை ஒட்டுதல்

2017 தொடக்கத்தில் பொதி வந்தது. ஒட்டும் வகையில் மெல்லிய உலோகக் கோடுகள். இரண்டு ஓரத்திலும் அவற்றை இணைக்கும் பட்டைகள். கண்ணாடியைத் துளைக்கவோ வெட்டவோ தேவையில்லை. பின்கண்ணாடி உரமூட்டிய கண்ணாடி என்றால் துளைத்தால் முழுவதும் பொடியாகும், அந்த ஆசையே வேண்டாம்.

எங்கள் பக்கம் ஜனவரி, பெப்ரவரியில்தான் தொடர்ந்து வெயில் கிடைக்கும். பசை ஈரத்தில் பிடிக்காது என்பதால் நல்ல வெயில் நாளுக்காகக் காத்திருந்தோம். கண்ணாடியை ஸ்பிரிட்டால் இரண்டு முறை துடைத்தோம். வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டி, சம இடைவெளியில் கோடுகளைக் குறித்துக்கொண்டோம். உள்ளே இருந்து அந்தக் குறியைப் பார்த்தபடி ஒவ்வொரு கோட்டையும் ஒட்டி, நகத்தில் துணி சுற்றி அழுத்தினோம். ஓரப் பட்டைகளோடு இணைத்தபின் ஒரு நாள் முழுவதும் மின்சாரம் கொடுக்கவில்லை.

கோடுகள் எந்த முனையிலிருந்து மின் வந்தாலும் சூடாகும். நேர்முனையா எதிர்முனையா என்ற கவலை அதற்கு இல்லை. சிறு எல்.ஈ.டி. விளக்குக்கும், உள்ளே டயோட் உள்ள ரிலேக்கும்தான் அந்தக் கவலை.

வயரிங்கில் பிழை விடாதீர்கள்

மின்சாரத்தைச் சோலனொயிட்டில் பற்றரி வயர் வரும் முனையிலிருந்து எடுத்தோம். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தனி பியூஸ்: 5 அம்பியர் ஹீட்டருக்கு 10 அம்பியர் பியூஸ் போதும். பியூஸ் தொலைவில் இருந்தால் இடையில் வயர் உரசினால் தீப்பிடிக்கும். பழைய காரில் தீ என்பது பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில் நடக்கும் காரியம், மறக்க வேண்டாம்.

வயர் தடிப்பு 1.5 சதுர மில்லிமீற்றர் போதும். 12 அம்பியர் என்றால் 2.5 வேண்டும். மெல்லிய வயர் போட்டால் வோல்ட் வழியிலேயே குறையும். 12 வோல்ட் 10.8 ஆகக் குறைந்தால் சூடு பத்தில் எட்டுப் பங்காகிவிடும்.

சுவிட்சில் நேரே பாரத்தைக் கொடுக்காமல் ரிலே வைத்தோம். ரிலேயை இயக்கும் சிறு மின், சாவி போட்டால் மட்டும் வரும் பியூஸ் முனையிலிருந்து. அதனால் சாவியை எடுத்தால் ஹீட்டரும் நின்றுவிடும். இரவெல்லாம் பற்றரியைக் குடிக்காது. தகட்டுக்குள் வயர் நுழையும் ஓட்டைக்கு இறப்பர் வளையம் போட்டோம். மறுமுனையைப் பொடியில் பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி, தகடு பளபளக்கும்வரை துப்புரவாக்கி இறுக்கினோம். பழைய கார்களில் பாதி மின்குறை அந்த இடத்தில்தான் இருக்கும்.

கடைசியாக மாமா ஒரு விதி சொன்னார்: “சிவப்பு லைட் எரியுதா, ஹீட்டர நிப்பாட்டு.” அதாவது வாகன நெரிசலில் நிற்கும்போது வேண்டாம். ஓடும்போது பத்துப் பதினைந்து நிமிடம் போட்டு, தெளிந்ததும் நிறுத்துங்கள். விசிறியும் சேர்ந்து ஓடினால் எங்கள் கண்ணாடி ஏழெட்டு நிமிடத்தில் தெளிகிறது.

கோடுகள் இருந்தும் வேலை செய்யாத கார்கள்

எண்பதுகளில் வந்த நிசான் சனி, டொயோட்டா கொரோலா போன்றவற்றில் கோடுகள் அச்சிட்டே வந்தன. பல கார்களில் அவை செத்துக் கிடக்கின்றன. கறுப்புத் தாளை உரித்தபோதோ, பிளேட்டால் ஸ்டிக்கர் சுரண்டியபோதோ, பின் தட்டில் பெட்டி உரசியபோதோ அறுந்திருக்கும்.

முதலில் பியூஸ், ரிலே, ஓரத்து இணைப்பு மூன்றையும் பாருங்கள். அவை சரி என்றால் ஹீட்டரைப் போட்டு, வோல்ட்மீற்றரின் ஒரு முனையைப் பொடியில் வைத்து, மறுமுனையில் சிறிது அலுமினியத் தாள் சுற்றி, கோட்டின் வழியே மெல்ல நகர்த்துங்கள். நல்ல கோட்டில் ஒரு ஓரம் 12, நடுவில் 6, மறு ஓரம் 0 என்று படிப்படியாக இறங்கும். 12 ஆகவே வந்து ஓரிடத்தில் திடீரென்று 0 ஆனால், அறுந்தது அந்த இடம். மேலும் கீழும் டேப் ஒட்டி, மின் கடத்தும் வெள்ளிப் பூச்சைத் தடவி, ஒரு நாள் காயவிடுங்கள். ஓரத்தில் கழன்ற இணைப்பைச் சாதாரணப் பசையால் ஒட்டாதீர்கள்; அது மின் கடத்தாது.

இன்னும் ஒன்று

கண்ணாடி தெளிந்த பிறகும் இரவில் பின்னால் இருட்டுத்தான். மைனரில் பின்னோக்கிப் போகும்போது எரியும் விளக்கு கிடையாது. 5 வாட் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றைப் பின்பம்பரின் கீழ் பூட்டித் தனிச் சுவிட்ச் கொடுத்தோம். அது அரை அம்பியர்கூட எடுக்காது. இரண்டு பக்கமும் கண்ணாடி பூட்டினோம்.

நவம்பர், டிசம்பர் மழையில் வன்னியிலோ மட்டக்களப்பிலோ பழைய கார் ஓட்டுபவர்களுக்கும் இதே வரிசைதான்: முதலில் காயவையுங்கள், பிறகு காற்று விடுங்கள், கடைசியாக டைனமோ தாங்கும் அளவுக்குச் சூடு கொடுங்கள்.

மாமா இப்போது கராஜ் பக்கம் அதிகம் போவதில்லை, கண் மங்கிவிட்டது. ஆனாலும் மழை இரவில் மேல் லயத்திலிருந்து யாரையாவது வைத்தியசாலைக்கு ஏற்றிப்போகச் சாவியை எடுத்தால், வாசலில் இருந்தபடி ஒரே கேள்விதான் கேட்பார்: “பின்னுக்குத் தெரியுதா தம்பி?”

தெரிகிறது என்று சொன்ன பிறகுதான் காரை எடுப்பேன்.